ஒட்டுப் போட்ட கித்தான்

வசதி வரட்டும், நேரம் கூடி வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போடும் பிள்ளைகளிடம் நான் பௌலுஸ் பொட்டரைப் பற்றிச் சொல்வேன். 1625-இல் ஹாலந்தில் பிறந்த ஓவியர். அப்பாவுக்கும் அதே தொழில். மகன் வரைந்ததெல்லாம் பெரும்பாலும் ஆடு, மாடு, குதிரை, மேய்ச்சல் நிலம்.

அந்தக் காலத்தில் ஓவியத்திலும் மேல் கீழ் பார்த்தார்கள். விவிலியக் காட்சிக்கும் சரித்திரக் காட்சிக்கும் முதல் மரியாதை. மாட்டுக்கெல்லாம் கடைசி வரிசை. மாடு வரைகிறவனுக்கா பெண் கொடுப்பது என்று அவருடைய மாமனார் முதலில் யோசித்ததாக ஒரு கதைகூட உண்டு. கல்யாணம் 1650-இல் நடந்தது.

அதற்கு முன்பே, 1647-இல், 21 வயதில் அவர் வரைந்துவிட்ட படம்தான் ‘இளம் காளை’. தி ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அகலம் சுமார் 3.4 மீட்டர், உயரம் 2.3 மீட்டருக்கும் மேல். அரசர்களையும் போர்க்களங்களையும் வரைகிற அளவில் ஒரு காளை! முதுகைச் சுற்றும் ஈக்கள், நெற்றியின் சுருள்மயிர், தரையில் கிடக்கும் சாணம், புல்லில் ஒரு தவளை என்று எதையும் அற்பமென்று அவர் ஒதுக்கவில்லை.

ஆனால் இவ்வளவு பெரிய படம் வரைய வேண்டும் என்று அவர் தொடங்கவில்லை. முதலில் காளை மட்டும்தான். வரைய வரைய மனம் விரிந்தது. இரு பக்கமும் மேலேயும் கித்தானை ஒட்டுப் போட்டுப் பெரிதாக்கினார். பசு, ஆடுகள், மரத்தடியில் நிற்கும் குடியானவர் எல்லோருக்கும் அப்படித்தான் இடம் கிடைத்தது. அந்தக் காளையில் வெவ்வேறு வயது மாடுகளின் உறுப்புகள் கலந்திருக்கின்றன என்று பிற்காலத்தில் குறை கண்டவர்களும் உண்டு. இருக்கட்டும். 1795-இல் பிரெஞ்சுப் படை அதைப் பாரிசுக்குக் கொண்டுபோய் லூவரில் மாட்டியது; 1815-இல்தான் ஊர் திரும்பியது. குறையுள்ள படம் என்று யாரும் விட்டுவிட்டுப் போகவில்லையே!

1654 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமில் பொட்டர் இறந்தார். காசநோய். வயது 28. அதற்குள் ஏறத்தாழ நூறு ஓவியங்கள். பெரிய கித்தான் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் இதில் எத்தனை மிஞ்சியிருக்கும்?

கையில் இருக்கிற அளவில் இன்றைக்கே தொடங்குங்கள், பிள்ளைகளே. போதாத இடத்தில் பிறகு ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம்.