ஆட்டோ வாடகைக்குக் கல்வெட்டு இல்லை

சென்ற ஆண்டு எங்கள் வார்டின் கிராமசபையில் ஐந்து நிமிடம் பேசினேன். கருத்தரங்குகளில் எத்தனையோ கட்டுரைகள் வாசித்திருக்கிறேன். இவ்வளவு மோசமாக ஒருபோதும் பேசியதில்லை. அந்தத் தோல்வி எனக்குக் கற்பித்ததை ஆய்வு நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்லவே இப்பதிவு.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைச் சிற்றூர்களுள் ஒன்று எங்களுடையது. களியக்காவிளைச் சந்தைக்கு நடந்தே போய்விடலாம், அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடும் கல்குளமும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தென்திருவிதாங்கூர்த் தமிழர் கேட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் அக்கரையில். குடும்ப அட்டையும் வாக்குரிமையும் இக்கரையில். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். நான் எழுத்தறிந்தது ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியின் தமிழ்ப் பிரிவில்.

அப்பிரிவில் இன்று பிள்ளைகள் இருபதுக்கும் குறைவு. ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாம் வேலைநாளில் எடுக்கப்படும் கணக்கே ஆசிரியர் பணியிடங்களைத் தீர்மானிக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் ஓரிடத்தில் இல்லை. ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. தொலைவிலுள்ள பிள்ளைகளை ஓர் ஆட்டோ ஏற்றிவந்தது. வாடகையை ஆசிரியர்களும் பெற்றோர்களுமாகப் பகிர்ந்து வந்தனர். அது தாங்காமல் போகவே ஆட்டோ நின்றது. நான்கு பிள்ளைகள் வருவதை நிறுத்திக்கொண்டனர். ஊராட்சி நிதியிலிருந்து வாடகை கேட்கலாம் என்று கிராமசபைக்குச் சென்றோம்.

இங்கே வெளிமாநில நண்பர்களுக்குச் சற்று விளக்கம் வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ போன்ற மாநிலங்களில், பள்ளியை நடத்தும் செலவு போதவில்லையென்றால் பள்ளி மாவட்டம் சொத்துவரி உயர்வை வாக்குச்சீட்டில் வைக்கும். மக்கள் ஆம் என்றோ இல்லை என்றோ வாக்களிப்பர். நம்மிடம் அத்தகைய வாக்கெடுப்பு இல்லை. ஆயினும் அதன் தூரத்து உறவு ஒன்று உண்டு. 1994ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிச் சட்டப்படி, வார்டின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராமசபை உறுப்பினர். பத்தில் ஒரு பங்கினர் வந்தால் சபை கூடும். 1990களின் நடுவில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் கிராம ஊராட்சிகளின் பொறுப்புக்கு வந்தன. ஆசிரியர் ஊதியம் மட்டும் மாநில அரசிடமே இருக்கிறது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்டநிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. எதற்கு முதலிடம் என்று சபை சொல்லும். அதன்பின் வளர்ச்சிக் கருத்தரங்கு, ஊராட்சிக் குழு, மாவட்டத் திட்டக் குழு என்று கோரிக்கை படியேறும். முதற்படி சபைதான். அங்கே இடம்பெறாத பள்ளி மேற்படிகளில் இடம்பெறுவது அரிது.

சரி, என் ஐந்து நிமிடத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 350அ பிரிவிலிருந்து தொடங்கினேன். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கான வசதியளிக்க ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்று கூறும் பிரிவு அது. மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் 1955ஆம் ஆண்டு அறிக்கைக்குச் சென்றேன். எல்லாம் நல்ல மலையாளத்தில்தான். கேட்டவர் முகங்களில் பொறுமை இருந்தது, வேறொன்றும் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளுக்கு வண்டி எதற்கு, வார்டுக்கே தெருவிளக்கு இல்லையே என்றார். அவருடைய பேரப்பிள்ளைகள் மஞ்சள் வேனில் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்பவர்கள். அவர் கேள்வியில் வெறுப்பு இல்லை. பணம் ஒன்று, தேவை பல என்ற நிலையில் எவரும் கேட்கக்கூடிய கேள்வி அது. என்னிடம்தான் விடையில்லை.

நான் அமர்ந்ததும் பக்கத்துப் பெஞ்சிலிருந்த மாமி என் கையைப் பிடித்தார். தொழிலுறப்பு என்று எங்கள் பக்கம் வழங்கும் நூறு நாள் வேலைக்குச் செல்பவர். “மக்களே, நீ சொன்ன சட்டமெல்லாம் செரிதான். பிள்ளையள காலத்த ஆரு கொண்டு விடுவா? அதல்லவா சொல்லணும்?” என்றார். பிறகு அவரே எழுந்தார். ஏழு மணிக்கே தாம் வேலைக்குப் போக வேண்டியிருப்பதையும், பேத்தியைக் கொண்டுவிட ஆளில்லாததையும், தோட்டத்து வழியே அவளைத் தனியே அனுப்ப அஞ்சுவதையும் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். ஆட்டோ தமிழ்ப் பிரிவுக்கு மட்டும் ஏன், அவ்வழியிலுள்ள மலையாளப் பிரிவுப் பிள்ளைகளும் ஏறட்டும் என்றார். அவரோடு வேலை செய்யும் பெண்களும் குடும்பஸ்ரீப் பெண்களும் சபையில் பெரும்பான்மையாக இருந்தனர். கைகள் உயர்ந்தன. தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் அடுத்து மூன்றாவதாக எங்கள் கோரிக்கை பதிவாயிற்று.

நான் உரிமையைப் பேசினேன். மாமி காலை ஏழு மணியைப் பேசினார். உரிமை பேசுவது தவறென்று சொல்லவரவில்லை. உரிமையைச் சட்டநூலில் காட்டுவது வேறு. அயலாரின் ஒப்புதலைப் பெறுவது வேறு. முன்னதற்கு நான் பயிற்சி பெற்றிருந்தேன், பின்னதற்குப் பெறவில்லை. மலையாளப் பிரிவுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் மனுவில் இல்லவே இல்லை. சிறுபான்மையின் கோரிக்கையை ஊரின் கோரிக்கையாக்கியவர் மாமி.

இந்த மண்ணில் இது புதிதன்று என்பதைப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817இல் அரசி கௌரி பார்வதி பாய் ஆணையிட்டதைத் திருவிதாங்கூர் வரலாறு பெருமையோடு சொல்லும். அந்த ஆணை வந்து தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் புலையர் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்கவில்லை. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழைப்பாளரை ஒன்றுதிரட்டினார். 1910களில் அவர் பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது பள்ளிக்கே தீவைத்தனர். எரிந்த பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே பேணப்படுகிறது. பழைய நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் நடந்தவை இவை. மேலிருந்து வந்த ஆணையைப் பள்ளிப் படிவரை கொண்டு சேர்த்தவர்கள் வயலில் நின்றவர்களே. எங்கள் ஆட்டோவை அப்போராட்டத்தோடு ஒப்பிடுவது மிகை. ஆயினும் கேட்கும் குரல் எங்கிருந்து வருகிறது என்பதில் ஓர் ஒற்றுமை உண்டு.

பின்னர் நடந்ததையும் சொல்ல வேண்டும். வாடகையைத் திட்டநிதியில் கொடுப்பதா, ஊராட்சியின் சொந்த வருவாயில் கொடுப்பதா என்ற விவாதம் மாதக்கணக்கில் நீண்டது. முடிவில் கேட்டதில் ஏறக்குறைய பாதி, ஓராண்டுக்கு மட்டும் கிடைத்தது. மீதியை முன்போலவே பகிர்ந்துகொள்கிறோம். நின்ற நால்வரில் மூவர் திரும்பிவந்தனர். அதே பள்ளியில் இதற்கிடையே புதிய வகுப்பறை ஒன்று எழுந்து, பெயர்கள் பொறித்த கல்வெட்டும் வைக்கப்பட்டது. வகுப்பறை தேவைதான். ஆனால் அதை ஒருமுறை கேட்டால் போதும். கட்டியவர் பெயர் நெடுங்காலம் நிற்கும். ஆட்டோ வாடகை, ஆயாவின் மதிப்பூதியம், மின்கட்டணம், காலை உணவு ஆகியவற்றை ஆண்டுதோறும் கேட்க வேண்டும். அவற்றுக்கு எவர் பெயரும் பொறிக்கப்படாது. பள்ளிகள் கட்டடம் இடிந்து மூடப்படுவதைவிட, இச்சிறு செலவுகளுக்கு ஆளின்றி மூடப்படுவதே மிகுதி என்று இப்போது எண்ணுகிறேன்.

நண்பர்களே, உள்ளாட்சியைப் பற்றி நாம் ஆய்வேடுகள் எழுதுகிறோம். நம் சொந்த ஊர்க் கிராமசபையில் கடைசியாக எப்போது அமர்ந்தோம்? தமிழ்நாட்டிலிருப்போருக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்கள் இருக்கின்றன. கேரளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் வார்டு கூடும். உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே படிக்கவில்லை என்றாலும் செல்லுங்கள். படிக்காதவர் வீட்டிலிருந்து உயரும் கைக்கே அங்கே மதிப்பு அதிகம்.

எங்கள் வாடகை மார்ச்சோடு முடிகிறது. அடுத்த சபைக்கு மாமி வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை அவர் முதலில் பேசுவார். கணக்குத் தாளை வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் இருப்பேன்.