டேலி தெரியும், பில் தெரியாது

பி.காம். பரீட்சையில் ஃபைனல் அக்கவுண்ட்ஸ் கணக்கு எப்படி வரும் என்று காமர்ஸ் படித்த எல்லோருக்கும் தெரியும். மேலே ஒரு ட்ரையல் பேலன்ஸ், கீழே ஏழெட்டு அட்ஜஸ்ட்மெண்ட். குளோசிங் ஸ்டாக் இவ்வளவு, தேய்மானம் 10 சதவீதம், வாராக்கடன் இவ்வளவு என்று எல்லாம் வரிசையாக, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். எதுவும் காணாமல் போயிருக்காது, கசங்கியிருக்காது.

அதே மாணவன் மூன்று மாதம் கழித்து திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் சேர்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அவன் மேசைக்கு வருவது ஒரு மஞ்சப்பை. உள்ளே ஏதோ ஒரு பனியன் கம்பெனியின் ஒரு மாத பில்கள். பாதி கார்பன் காப்பி. நிட்டிங்காரர் பில், டையிங்காரர் பில், டெலிவரி சலான், டெம்போ வாடகைச் சீட்டு, டீக்கடைத் துண்டுச் சீட்டு (அதுவும் கணக்குதான்!). கூடவே வாட்ஸ்அப்பில் வந்த பேங்க் ஸ்டேட்மெண்ட். "இதப் போட்டு முடிச்சுரு தம்பி" என்று சொல்லிவிட்டு சீனியர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

பையன் முழிப்பான். முழிக்கத்தான் செய்வான்.

இதைத்தான் 'திறன் இடைவெளி' என்று பெரிய பெயர் வைத்து இருபது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2005இல் நாஸ்காமும் மெக்கின்சியும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டன. ஐ.டி., பி.பி.ஓ. ஏற்றுமதி வேலைகளுக்கு இன்ஜினியரிங் படித்தவர்களில் 25 சதவீதம் பேரும், மற்ற டிகிரிக்காரர்களில் 10 முதல் 15 சதவீதம் பேரும்தான் தேறுவார்கள் என்றது அது. 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையில் மத்திய அரசும் ஒரு எண் சொன்னது: இளைஞர்களில் 51.25 சதவீதம் பேர் வேலைக்குத் தகுதியானவர்கள். அதாவது இரண்டு பேரில் ஒருவர் கல்லூரியை விட்டு வந்த உடனே வேலைக்கு ஆக மாட்டார். எண்கள் சரி. ஆனால் அந்த ஒருவருக்கு என்னதான் தெரியவில்லை என்று எண் சொல்லாது. அதற்கு மஞ்சப்பையைத்தான் பார்க்க வேண்டும்.

டேலி தெரியாது என்று சொல்ல முடியாது. F4 கான்ட்ரா, F5 பேமெண்ட், F6 ரிசீட், F7 ஜர்னல், F8 சேல்ஸ், F9 பர்ச்சேஸ். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதி, கோடு போட்டு, கையெழுத்து வாங்கியவர்கள் ஆயிற்றே! எந்தச் சாவியை அழுத்துவது என்று தெரியும். எப்போது அழுத்துவது என்பதுதான் தகராறு. ஸ்டேட்மெண்டில் ஏ.டி.எம்.மில் 10,000 எடுத்ததாக ஒரு வரி. அது கம்பெனி கல்லாவுக்கு வந்திருந்தால் கான்ட்ரா. முதலாளி மகள் ஸ்கூல் ஃபீசுக்குப் போயிருந்தால் டிராயிங்ஸ். இதை ஸ்டேட்மெண்ட் சொல்லாது. முதலாளியைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. லைசென்ஸ் வாங்காமல் எஜுகேஷன் மோடில் டேலி பழகினால் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட முடியும். அப்படிப் பழகிய பிள்ளைக்கு 20ஆம் தேதி என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆபீசிலோ மாதமே 20ஆம் தேதியைச் சுற்றித்தான் ஓடுகிறது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-3பி கடைசி நாள் அதுதான். தாண்டினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி.

ஜி.எஸ்.டி. எண்ணும் அப்படித்தான். 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண். 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகா. பெங்களூருவிலிருந்து வந்த சரக்கு பில்லின் 29ஐக் கவனிக்காமல், ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டிய இடத்தில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரித்துப் போட்டால், கூட்டுத்தொகை டேலி ஆகும். கணக்கு தப்பு. இதைப் புரிய வைக்க அரை மணி நேரம் போதும், ஆனால் யாராவது அந்த அரை மணியை ஒதுக்க வேண்டும்.

இதெல்லாம்கூட ஒரு மாதத்தில் படிந்துவிடும். உண்மையில் பிள்ளைகள் உடைந்து போகிற இடம் போன்.

2022 ஜனவரி முதல், விற்றவர் தன் ரிட்டர்னில் காட்டி, அந்த பில் வாங்கியவருடைய 2பி-யில் வந்தால்தான் உள்ளீட்டு வரியை எடுக்க முடியும். 4,00,000 ரூபாய்க்கு நூல் வாங்கினால் 5 சதவீதம், 20,000 ரூபாய் வரி. நூல்காரர் தாக்கல் செய்யவில்லை என்றால் அந்த 20,000 இந்த மாதம் கிடையாது. கையிலிருந்து கட்ட வேண்டும். ஆகவே 14ஆம் தேதி 2பி வந்ததும் யாராவது நூல்காரருக்குப் போன் போட வேண்டும். யார்? புதுசாக வந்த பிள்ளைதான்.

அந்தப் பக்கம் ஐம்பது வயதுக்காரர், முப்பது வருடத் தொழில். "யாரும்மா நீ? உங்க ஆடிட்டரைப் பேசச் சொல்லு" என்பார். அவரை அண்ணா என்பதா, சார் என்பதா? கோபப்படாமல், பயப்படாமல், பில் நம்பரைச் சொல்லி, எப்போது தாக்கல் செய்வீர்கள் என்று தேதி வாங்கி, அதைக் குறித்து வைத்து, 18ஆம் தேதி மறுபடி கூப்பிட வேண்டும். மூன்று வருடப் படிப்பில் இதற்கு எந்தப் பேப்பரும் இல்லை. கைகட்டி நின்று, சந்தேகம் கேட்டால் "இவ்வளவு நேரம் என்ன கவனிச்சே?" என்று திட்டு வாங்கி வளர்ந்த பெண் எப்படிப் பேசுவாள்? போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெரியவில்லை என்று சீனியரிடமும் சொல்ல மாட்டாள். 20ஆம் தேதி குட்டு உடையும். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறையே இல்லை" என்பார்கள். வீட்டில் முதல் பட்டதாரி, தோட்டை அடகு வைத்து டேலி கிளாஸ் போனவள் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வராது. மூன்றாம் மாதம் நின்றுவிடுவாள். அடுத்த இன்டர்வியூவில் அந்த மூன்று மாதத்தைச் சொல்லவும் வெட்கப்படுவாள்.

பிள்ளைகள் மேல் தப்பே இல்லையா என்றால், இருக்கிறது. இன்டர்நெட்டில் இறக்கிய ப்ராஜெக்டை பைண்டிங் போட்டு வைத்தவர்கள் எத்தனை பேர் என்று அவரவர் வகுப்பில் எண்ணிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலத்தில் மண்டியில் சேர்ந்த பையன் முதல் நாளே பேரேடு எழுதவில்லை. வருடக்கணக்கில் கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, யார் வந்தால் எப்படிப் பேச வேண்டும் என்று காதால் கேட்டுப் பழகினான். சி.ஏ. மாணவர்களுக்கு இன்றும் அந்த வழி உண்டு. 2023இல் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள் என்றாலும் ஆர்டிகிள்ஷிப் என்று ஒன்று இருக்கிறது. தெரியாமல் இருக்க அனுமதி உள்ள இரண்டு வருடம் அது. பி.காம். முடித்துச் சும்மா வேலைக்குப் போகிறவனுக்கு அந்த அனுமதி ஒரு வாரம்.

2022 மார்ச்சில் தமிழக அரசு 'நான் முதல்வன்' தொடங்கியபோது கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் கோர்ஸ்கள் வந்தன. நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து, சரியான விடையை டிக் செய்து வாங்கும் சான்றிதழ் நூல்காரரிடம் பேசக் கற்றுத் தராது. லேபில் எஜுகேஷன் மோடுக்குப் பதில் ஒரு நாள், பெயர்களை மறைத்த பழைய பில்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் என்ன? நாலு பில்லைக் காணாமல் அடித்து, ஒன்றில் ஜி.எஸ்.டி. எண்ணைத் தப்பாக எழுதி, யாரிடம் கேட்பது என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். செலவு, அந்த மஞ்சப்பை மட்டும்தான்.