நிழலில்லா நண்பகல்

ஏப்ரல் பத்து, பதினொன்று வாக்கில் நாகர்கோவிலில் ஒரு நண்பகல் வரும். அன்று கொடிக்கம்பத்துக்கு நிழல் இருக்காது. நம் குமரி மாவட்டம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டு டிகிரியில் கிடக்கிறது. வடக்கு நோக்கி நகரும் சூரியன், சித்திரை பிறக்க மூன்று நான்கு நாள் இருக்கும்போது உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். கடிகாரத்தில் 12.20 மணி அளவில் மனிதனுடைய நிழல் அவன் காலடிக்குள் ஒடுங்கிவிடும். தெற்கே திரும்பும்போது செப்டம்பர் முதல் தேதியை ஒட்டி இன்னொரு முறை இதுவே நடக்கும். சென்னைக்கு இந்த நாள் ஏப்ரல் கடைசியில்தான். டெல்லிக்கு எந்நாளும் கிடையாது.

மொட்டைமாடியில் ஒரு குழாய்த் துண்டை நட்டு வைத்து இதைப் பார்ப்பது எனக்குப் பிடித்த காரியம். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. அந்த நேரத்தில் சுவரும் தூணும் யாருக்கும் உதவாது. சாய்ந்து விழும் நிழலே இல்லாதபோது, தலைக்கு மேலே விரிந்திருப்பது மட்டும்தான் காப்பாற்றும். மரம், கூரை, குடை. மரம் நின்ற இடத்தில் நிற்கும். கூரை வீட்டோடு இருக்கும். வெளியே நடந்துபோகிறவனோடு கூடவே வருவது குடை ஒன்றுதான். அப்படியானால் இந்த ஊரில் யார் குடை பிடித்தார்கள்?

அதற்கு முன் நம் வெயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலூர், திருத்தணி போல நமக்கு 42, 43 டிகிரி வருவதில்லை. அதனால் குமரி குளிர்ந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆனால் இங்கே கடல் பக்கத்தில் இருக்கிறது; காற்றில் ஈரம் அதிகம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகிப் போனால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டி விழுந்தால் எதையும் எடுத்துப் போகாது. குமரி மாவட்டத்து வியர்வை சொட்டுகிற வியர்வை. அளவுமானி 34 காட்டும்போதே விளையில் மண்வெட்டி பிடித்தவன் தளர்ந்துவிடுவது அதனால்தான். காற்று வேண்டும், நிழல் வேண்டும், குடிக்க மோரோ கஞ்சித்தண்ணியோ வேண்டும்.

இதை நன்றாகத் தெரிந்து கட்டியதுதான் திருவிதாங்கூர் அரசர்களின் பத்மநாபபுரம் அரண்மனை. சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை. காற்றை விட்டு வெளிச்சத்தின் கூச்சத்தை நிறுத்தும் மரச்சட்டங்கள். வெறுங்காலில் நடந்தால் குளிரும் கருந்தரை. சித்திரை வெயிலில் அதற்குள் நுழைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படும்போது முத்துக்குடை பிடிக்கிறார்கள். தெய்வத்துக்கும் அரசனுக்கும் குடை. இந்தியா முழுவதுமே குடை அப்படித்தான் இருந்தது.

யாருக்குக் குடை மறுக்கப்பட்டது என்பதைச் சாமுவேல் மேட்டீர் எழுதி வைத்திருக்கிறார். அவர் லண்டன் மிஷனைச் சேர்ந்தவர், திருவிதாங்கூரில் பல்லாண்டு வேலை செய்தவர். 1871இல் வெளியான அவருடைய ‘தி லேண்ட் ஆஃப் சேரிட்டி’ புத்தகத்தில் பனையேறி வாழ்ந்த நாடார் மக்கள்மீது இருந்த தடைகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். குடை பிடிக்கக் கூடாது. செருப்பு போடக் கூடாது. பொன் நகை அணியக் கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. பசுவைக் கறக்கக் கூடாது. பெண்கள் தோளை மூடக் கூடாது.

இந்தப் பட்டியலைச் சாதிக் கொடுமை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது முழு உண்மை. நான் இதைச் சித்திரை மாத நண்பகலில் வைத்து வாசித்துப் பார்த்தேன். குடை இல்லை என்றால் தலையில் வெயில். செருப்பு இல்லை என்றால் தேரி மணல்; காற்று 34 டிகிரி இருக்கும்போது காய்ந்த மணல் 50ஐத் தாண்டிச் சுடும். மேல்சீலை இல்லை என்றால் தோளும் முதுகும் வெந்து கருகும். மாடி இல்லை என்றால் மேலே வீசும் காற்று வீட்டுக்குள் வராது. பசுவைக் கறக்காதவன் வீட்டில் மோர் எங்கிருந்து வரும்? ஒரு வெப்ப நாட்டில் உடம்பைக் குளிர வைக்கும் வழிகள் என்னென்ன என்று கேட்டால் ஏறத்தாழ இதே பட்டியலைத்தான் எழுத வேண்டியிருக்கும். சட்டம் போட்டவர்கள் வெயிலை நினைத்துப் போடவில்லை. யார் பெரியவன் என்று காட்டவே போட்டார்கள். ஆனால் தடை போய் விழுந்த இடம் உடம்பு. குடைக்கு வேண்டிய ஓலையைப் பனையில் ஏறி வெட்டிப் போட்டவன் குடையில்லாமல் நடந்தான்.

தோளை மூடும் மேல்சீலைக்காக இந்த மக்கள் நடத்திய போராட்டம் எல்லோருக்கும் தெரியும். 1829இல் திருவிதாங்கூர் அரசாணை அதை மறுத்தது. அடியும் தீவைப்பும் நடந்தபின் 1859 ஜூலையில் வந்த ஆணையும் அரைகுறைதான்: தோளை மூடலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மூடக் கூடாது. இதெல்லாம் நடந்த மண்ணில் நின்றுகொண்டு, “அந்தக் காலத்தில் வெயிலுக்காகச் சட்டை போடாமல் இருந்தார்கள்” என்று இன்றும் சிலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. மனிதர் செய்ததை வெயிலின் தலையில் கட்டுகிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்குப் பெரிய முன்னோடி உண்டு. பிரான்சின் மாண்டெஸ்கியூ ஓர் ஆட்டின் நாக்கில் பாதியை உறைய வைத்து உருப்பெருக்கியில் பார்த்தார். குளிரில் நாக்கின் சிறு மொட்டுகள் சுருங்குவதைக் கண்டார். அதை வைத்து, குளிர்நாட்டான் உறுதியானவன், வெப்பநாட்டான் சோம்பேறி, அடிமைப்பட ஏற்றவன் என்று 1748இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதினார். அவர் ஒரு பங்குனி மாதம் அகஸ்தீஸ்வரத்துப் பனைவிளைக்கு வந்திருக்க வேண்டும். அக்கானி என்னும் பதநீர் ஊறுவது வெயில் ஏறும் மாதங்களில்தான். கிழக்கு வெளுக்கும் முன்பே ஏறி, பாளை சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தை மாற்றிக் கட்டி இறங்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் இந்தச் சூட்டில் அக்கானி நேரத்தோடு கள்ளாகிவிடும். முப்பது நாற்பது மரம். மாலையில் மறுபடியும் அத்தனை மரம். பகலெல்லாம் பெண்கள் அடுப்பின் முன்னால் நின்று கருப்பட்டி காய்ச்ச வேண்டும். இவர்களைச் சோம்பேறி என்று சொல்ல ஆட்டு நாக்கு போதுமா?

அந்தத் தடைகளின் மிச்சத்தை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் பாட்டா வெயிலில் போகும்போது துவர்த்துத் துண்டைத் தலையில் கட்டுவார். எதிரே வயலுக்குச் சொந்தக்காரர் வந்தால் கை தானாக மேலே போகும். துவர்த்து அவிழ்ந்து கக்கத்துக்குள் போய்விடும். பேசி முடிக்கும்வரை வழுக்கைத் தலையில் வெயில் அடிக்கும். அவர் போனபின் மறுபடி கட்டுவார். இது நாடு விடுதலை அடைந்து பல காலம் கழிந்தபின். யாரும் அவரை அவிழ்க்கச் சொல்லவில்லை. “ஏன் பாட்டா அவுக்கிய?” என்று கேட்டதற்கு “பளகிப் போச்சு மக்கா” என்றார். அந்தப் பழக்கம் எத்தனை தலைமுறை அடிபட்டு வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆகவேதான் அய்யா வைகுண்டரை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது. 1809 முதல் 1851 வரை இந்த மண்ணில் வாழ்ந்தவர். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் ஏந்தி நிற்க வேண்டிய மக்களிடம், வழிபடும்போது தலைப்பாகை கட்டிக்கொண்டு வா என்றார். இன்றும் அவரை வழிபடும் சுவாமித்தோப்புப் பதிக்குள் ஆண்கள் தலைப்பாகையோடுதான் நுழைகிறார்கள். தலைக்குத் துணி என்பது சாதாரணப் பொருள். அதையே நிமிர்வாக மாற்றிக் கொடுத்தவர் அவர்.

தலைத்துணி மட்டும் போதாத வேலைகள் இன்றும் உண்டு. சுவாமித்தோப்பு, புத்தளம் பக்கம் உப்பளங்கள் இருக்கின்றன. மேலே வெயில், கீழே வெள்ளை உப்பிலிருந்து திருப்பி அடிக்கும் வெயில், கால் உப்புநீரில். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகள் வெப்பத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பைச் சுட்டியிருக்கின்றன. ஒதுங்க இடம் இல்லாத பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாலையோரம் மீன் விற்கும் அம்மைமாரும், கான்கிரீட் தளத்தில் கம்பி கட்டும் தொழிலாளிகளும் வேறு நிலையில் இல்லை. இன்று குடைக்குத் தடை இல்லை. இரண்டு கையாலும் வேலை செய்கிறவர் எந்தக் கையால் குடை பிடிப்பார்?

எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத் தொழில்துறை ஆண்டுதோறும் கோடையில் ஓர் ஆணை போடுகிறது: நேரடி வெயிலில் வேலை செய்வோருக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு. 1956 நவம்பர் 1 வரை நாமும் அவர்களும் ஒரே மாநிலம். வெயில் இன்றும் ஒன்றுதான். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தபின் குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்க அது வழி செய்கிறது. உயிரோடு இருக்கும்போது மூன்று மணிநேர நிழலும் கிடைக்க வேண்டும். மாசி முதல் வைகாசி வரை கேரளத்தைப் போன்ற ஓய்வு ஆணையைக் குமரி மாவட்டத்துக்குக் கேட்போம். உங்கள் வீட்டில் கட்டட வேலை நடக்கிறதென்றால் ஆணைக்குக் காத்திருக்க வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், மோர் கொடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள்.