ஆமைத் தீவில் முயல் பாடம்

பாங்காக்கில் இரவு ரயில் ஏறினால் விடியும் வேளையில் சும்போன் என்ற ஊர் வருகிறது. அங்கிருந்து விசைப் படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பச்சைக் குன்றுகளை அடுக்கி வைத்தாற்போல் கடல் நடுவே ஒரு தீவு எழுந்து நிற்கிறது. அதுதான் கோ தாவ். தாய் மொழியில் - நம் தாய்மொழியில் அல்ல, தாய்லாந்துக்காரர்களின் மொழியில் - 'ஆமைத் தீவு' என்று பொருள். பரப்பு 21 சதுர கிலோ மீட்டர்தான். ஒரு காலத்தில் அரசியல் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த இடம். இப்போதோ நாலா தேசத்து வாலிபர்களும் யுவதிகளும் காசு கொடுத்து வந்து சேருகிறார்கள்!

எதற்காக? கடலுக்கடியில் போகக் கற்பதற்காக. நம் ஊர்களில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்ததே, அதுபோல் இங்கே ஸ்கூபாப் பள்ளிகள். ஆரம்பப் பாடம் மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். முடிந்ததும் சர்டிபிகேட்!

"நாலு நாளா? எனக்கு வத்தக்குழம்பு கைவர நாலு மாதம் ஆயிற்றே!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. எனக்கும் அதே சந்தேகம்தான். ஆகவே ஒரு பள்ளியில் போய் உட்கார்ந்து கவனித்தேன்.

முதலில் புத்தகப் பாடம். பிறகு நீச்சல் குளம். இருநூறு மீட்டர் நீந்த வேண்டும். பத்து நிமிஷம் மிதக்க வேண்டும். நீருக்குள்ளே முகக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். வாயிலிருந்து நழுவிய மூச்சுக் குழாயைத் தேடிப் பிடிக்க வேண்டும். கூட வருபவரின் உபரிக் குழாயில் மூச்சு வாங்கவும் தெரிய வேண்டும். கடைசியாகக் கடலில் நாலு முறை இறங்குகிறார்கள். அதிகபட்ச ஆழம் 18 மீட்டர்.

முதுகில் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றைத்தான் அமுக்கி அடைத்திருக்கிறார்கள். எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஒரு முள்ளும் உண்டு. நம் சமையலறை சிலிண்டருக்கு இல்லாத சௌகரியம்! ஆனால் பத்து மீட்டர் ஆழத்தில் காற்று மேலே செலவாவதைப்போல் இரு மடங்கு செலவாகும். முள்ளைப் பார்க்க மறந்தால் ஆபத்து.

எல்லாவற்றிலும் பெரிய விதி ஒன்று உண்டு: மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரலே கிழிந்துவிடலாம். பயந்த மனிதன் என்ன செய்வான்? மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வான்! அந்தச் சுபாவத்தை அல்லவா இந்தப் பாடம் மாற்ற வேண்டும்? நாலு நாளில் கை கற்றுக்கொள்ளும், பயம் கற்றுக்கொள்ளுமா?

அந்தப் பள்ளியில் பினாங்கிலிருந்து வந்த ஒரு தமிழ் ஆசிரியையைச் சந்தித்தேன். இருபத்தைந்து வயதிருக்கும். அன்றுதான் தேறியிருந்தாள். முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

"அக்கா, பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் கண்ணாடியைக் கழற்றியபோது மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. கடைசியில் ஒரே ஒரு தடவைதான் சரியாக வந்தது. நாளைக்கு எல்லாரும் சும்போன் பினாக்கிளுக்குப் போகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள்" என்றாள்.

சும்போன் பினாக்கிள் என்பது கடலுக்குள் மறைந்து நிற்கும் பாறைச் சிகரம். உச்சியே சுமார் 14 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அடிவாரம் 30 மீட்டருக்கும் கீழே. சில நாள் நீரோட்டமும் பலமாயிருக்கும். ஆனால் அதிர்ஷ்டமிருந்தால் திமிங்கலச் சுறாவைப் பார்க்கலாம். அந்த ஆசை யாரை விட்டது?

பல வருஷம் கற்றுக் கொடுத்த ஓர் ஆசிரியை பக்கத்தில் இருந்தார். அவர் சொன்னார்: "இத்தனை நாளில் முடித்தே ஆக வேண்டும் என்று விதியில் இல்லை. மாணவர் தடுமாறாமல் திரும்பச் செய்ய வேண்டும் என்பதுதான் விதி. நாள் கணக்கு எங்கள் வியாபாரக் கணக்கு. இன்னொரு நாள் வேண்டுமென்றால் கேளுங்கள். ஆனால் எல்லாரும் திரும்பிப் போகப் படகு டிக்கெட்டோடு அல்லவா வருகிறார்கள்!"

பினாங்குப் பெண் மறுநாள் பினாக்கிளுக்குப் போகவில்லை. தனியே பணம் கட்டி, ஆசிரியையுடன் 'ஜப்பானியத் தோட்டம்' என்ற ஆழமில்லாத பவளத் திட்டில் இரண்டு முறை இறங்கினாள். மாலையில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஐந்து தடவை கழற்றி மாட்டினேன், அக்கா! ஐந்தாவது தடவை பயமே வரவில்லை. சலிப்புத்தான் வந்தது!"

பினாக்கிளுக்குப் போனவர்களும் சுகமாகவே திரும்பினார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வாலிபருக்கு மட்டும் பாதியில் காற்றுத் தீர்ந்துபோய், வழிகாட்டியின் உபரிக் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தாராம். வேடிக்கைக் கதைபோல் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியானால் பாடம் போதாதா? அது சொல்லும் அளவுக்குப் போதும். 'நீ கற்ற இடத்தைப் போன்ற நீரில், ஒரு துணையோடு, 18 மீட்டருக்குள் போகலாம்' என்பதுதான் அந்தச் சர்டிபிகேட்டின் அர்த்தம். 'எந்தக் கடலிலும் இறங்கலாம்' என்று அதில் எழுதவில்லை. நாம்தான் அப்படிப் படித்துக்கொள்கிறோம். அதற்குக் காலாவதியும் கிடையாது. பத்து வருஷம் தண்ணீர்ப் பக்கமே போகாதவரும் அதை நீட்டலாம். அவர் மறுபடி ஒரு நாள் பழகிக்கொள்வதே புத்தி.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ இப்படிப் புறப்பட்டால் தடுக்க வேண்டாம். நாலு வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று முதலில் கேட்கட்டும். 'பாடி' என்ற சர்வதேச நிறுவனத்தின் விதிப்படி, உதவியாளர் இல்லாத ஆசிரியர் கடலில் எட்டுப் பேர் வரை அழைத்துப் போகலாம். நாலு பேர் என்றால் இன்னும் நல்லது. ஆஸ்துமா, இருதயக் கோளாறு பற்றி உடல்நலப் படிவத்தில் மறைக்காமல் எழுதட்டும். பல முறை முக்குளித்த பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறாமல் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "இன்னொரு நாள் வேண்டும்" என்று கேட்க வெட்கப்படாமல் இருக்கட்டும். ஆமைத் தீவில் ஆமைபோல் நடப்பதில் என்ன அவமானம்?