கொடி படர்ந்த ஜீப்

நாங்கள் இருவரும் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள், கணவன் மனைவி. ஒரு திருகாணியை ஒழுங்காக முடுக்கத் தெரியாதவர்கள் என்று உறவினர்கள் கேலி செய்வார்கள். அதில் பொய் இல்லை. அப்படிப்பட்ட நாங்கள் 2024 நவம்பர் இறுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ஜீப் ஒன்றின் பேட்டரியை எங்கள் கையாலேயே மாற்றினோம். இதை எழுதத் தோன்றியதற்குக் காரணம் பெருமையன்று, வெட்கம்.

ஜீப் அப்பாவுடையது. எங்களில் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார். அழைப்பதில் இருவருக்குமே அப்பாதான். பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில், பெரும்பாறையைத் தாண்டித் தாண்டிக்குடிக்குப் போகும் வழியில், காப்பியும் மிளகும் மலைவாழையும் கலந்து நிற்கும் சிறு தோட்டம் அவருடையது. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. மழைக்காலத்தில் அது பாதையாக இராது, ஓடையாகிவிடும். நான்கு சக்கரங்களும் இழுக்கிற ஜீப்பைத் தவிர வேறெந்த வண்டியும் அதில் ஏறாது. தோட்டத்தைச் சுற்றிப் பதினைந்து வீடுகள். காய்ச்சலோ, பாம்புக்கடியோ, பேறுகாலமோ, எந்த வீட்டுக் கதவு நள்ளிரவில் திறந்தாலும் அடுத்து வந்து தட்டப்படுவது அப்பாவின் கதவுதான். சட்டையை மாட்டிக்கொண்டே சாவியைத் தேடுவார்.

அப்பா 2024 ஏப்ரலில் மறைந்தார். காரியம் முடிந்த அன்று உறவினர் ஒருவர் ஜீப்பைக் கொட்டகைக்குள் விட்டுவிட்டுச் சாவியை அம்மாவிடம் கொடுத்தார். அதன்பின் அது நகரவில்லை. விற்க எங்களுக்கு மனமில்லை, ஓட்டவும் துணிவில்லை. மாதம் ஒருமுறை திண்டுக்கல்லிலிருந்து போவோம். கொட்டகை வாயிலில் சற்று நேரம் நிற்போம். 'அடுத்த முறை முடிவு செய்யலாம்' என்று சொல்லிக்கொண்டு திரும்புவோம்.

கொட்டகையின் ஓரத்தில் அம்மா ஊன்றியிருந்த சௌசௌக் கொடி, ஆடி ஆவணி மழையில் தழைத்து, ஜீப்பின் முன்கம்பியைப் பற்றிக்கொண்டு கூரைத் துணிவரை ஏறிவிட்டது. எங்களுக்குப் பாரி நினைவுக்கு வந்தான். சிறுபாணாற்றுப்படை சொல்லும் முல்லையையும் தேரையும் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவர்களுக்கு வேறென்ன நினைவு வரும்? கொடியைத் தொட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னோம். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினோம். அவர்களும் நெகிழ்ந்து பதில் எழுதினார்கள்.

நவம்பர் நடுவில், வடகிழக்குப் பருவமழை கொட்டிய ஓர் இரவு. தோட்டத்தில் நெடுங்காலமாக வேலை செய்யும் பெரியவரின் மகள் தலைப்பேற்றுக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு மணிக்கு வலி கண்டது. 108 ஊர்திக்குச் சொன்னார்கள்; அது தார்ச்சாலை முனைவரைதான் வர முடியும். ஓட்டத் தெரிந்த இளைஞர் ஒருவர் அம்மாவிடம் சாவி வாங்கி, கொடியை விலக்கிக்கொண்டு உள்ளே ஏறினார். ஜீப் கிளம்பவில்லை. தள்ளிப் பார்த்தார்கள். கொட்டகைத் தரை வாயிலைவிடத் தாழ்வானது; நால்வர் சேர்ந்தும் வண்டியை மேலேற்ற இயலவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, மேலே தார்ப்பாய் பிடித்து, இரண்டு கிலோமீட்டர் சேற்றில் சுமந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. மருத்துவமனையை அடையுமுன் ஊர்தியிலேயே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

காலையில் அம்மா தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னார். குறை கூறவில்லை. "சாவியத் திருப்பினா டிக் டிக்குன்னு சத்தம் மட்டும் வருது. என்னன்னு பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

வத்தலக்குண்டில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "டீசலா, பெட்ரோலா சார்?" டீசல் என்றோம். டீசல் எந்திரத்தின் முதல் சுழற்சிக்கு மிகுந்த விசை தேவை; ஆகவே பேட்டரியும் பெரிதாக இருக்க வேண்டுமாம். இரண்டாவது கேள்வியில் திணறினோம். "டெர்மினல் லெஃப்டா, ரைட்டா?" பக்கம் மாறினால் வடம் எட்டாது. அம்மாவை அழைத்தோம். அவர் கைவிளக்குடன் கொட்டகைக்குப் போய், "சிவப்பு வயரு வலப்பக்கம்" என்றார். எதிரே நின்று பார்த்தாலா, இருக்கையில் அமர்ந்து பார்த்தாலா? இடம் வலம் என்ற இரு எளிய சொற்களின் பொருளை முடிவு செய்யப் பத்து நிமிடம் ஆயிற்று.

பேட்டரிக்குப் பாடநூல் சொல் மின்கல அடுக்கு. மின்கலம் என்பது அதனுள் இருக்கும் ஒற்றை அறைதான். 12 வோல்ட் பேட்டரிக்குள் அத்தகைய ஆறு கலங்கள் வரிசையாக இணைந்துள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும் சேர்ந்த இந்தக் கலத்தை 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். அடிப்படை இன்றும் அதுவேதான். ஆறில் ஒரு கலம் கெட்டாலும் வண்டி கிளம்பாது என்றார் கடைக்காரர். அடுக்கு என்ற சொல்லின் அருமை அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

"நாலு வருசப் பேட்டரிதானே, அதற்குள் ஏன் போனது?" என்று கேட்டோம்.

"எத்தன மாசமா நிக்குது?"

"ஏழு."

"ஓடி ஓடிச் சாகிற பேட்டரியவிட நின்னு நின்னு சாகிற பேட்டரிதான் சார் நம்மகிட்ட நெறைய வரும்."

அவர் விளக்கியது இது. சும்மா நின்றாலும் பேட்டரியின் மின்னேற்றம் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்க இறங்கத் தகடுகளின்மேல் ஈய சல்பேட் படியும். வண்டி ஓடினால் மீண்டும் மின்னேறி அந்தப் படிவு நீங்கிவிடும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்றாலோ, படிவு படிகமாக இறுகிப்போகும். அதன்பின் எவ்வளவு ஏற்றினாலும் பழைய வலிமை வாராது. வேலையே இல்லாவிட்டாலும் அப்பா ஞாயிறுதோறும் பெரும்பாறைவரை ஓட்டிப்போய்ச் செய்தித்தாள் வாங்கி வருவார். அதைச் செய்தித்தாள் பைத்தியம் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

தோட்டத்தில் எங்களுக்கு உதவ வந்தவர் அந்தப் பெரியவரே. தம் மகளைச் சேற்றில் சுமந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அரிவாளை எடுத்துக் கொடியை அறுக்கத் தொடங்கினார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். பானெட்டைத் தூக்கியபோது பேட்டரி முனைகளில் வெண்மையும் பச்சையுமாய்ப் பொருக்குக் கட்டியிருந்தது. ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினார், நுரைத்துக்கொண்டு கழன்றது.

"வளையலக் கழட்டி வச்சிருங்கம்மா. மோதிரத்தையும்" என்றார். பிறகு, "கறுப்பத்தான் மொதல்ல கழட்டணும் சார். ஐயா அப்படித்தான் செய்வாரு."

காரணத்தைக் கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். எதிர்முனை வண்டியின் இரும்புடலோடு இணைந்தது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் எங்கேனும் உடலில் பட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து பொறி பறக்கும், கையும் வேகும். எதிர்முனையை முன்னதாகவே விடுவித்துவிட்டால் அந்த அச்சமில்லை. மாட்டும்போது இதன் தலைகீழ்: சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில்.

பழைய பேட்டரியை இருவராகத் தூக்கி வெளியே வைத்தபோதுதான் அதன் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்ட்டில் அப்பாவின் எழுத்தைக் கண்டோம்: 14.8.20. மாற்றிய நாளைக் குறித்திருக்கிறார். பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழிவு உண்டு. அதற்காக மட்டுமன்று, ஈயமும் அமிலமும் மண்ணில் சேரக்கூடாது என்பதற்காகப் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் விதிகளை மத்திய அரசு 2001லேயே கொண்டுவந்தது, 2022இல் வந்தவை அவற்றுக்கு மாற்றான புதிய விதிகள். வீட்டில் வைத்துக்கொள்ளும் நினைவுப்பொருள் அன்று அது. ஆனாலும் கைப்பையிலிருந்த திருத்தும் வெள்ளை மையை எடுத்து, புதிய பேட்டரியின் அதே பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினோம்.

முனைகளை முடுக்கி, வாசலின் தடவி, சாவியைத் திருப்பினோம். இரு முறை சுழன்று ஓய்ந்தது. மூன்றாம் முறை கரும்புகையோடு உறுமிப் பிடித்துக்கொண்டது. அம்மா வாசலுக்கு வந்து நின்றார்.

பாரி பின்வாங்காமல் எங்களைப் படுத்தியது அன்று மாலைதான். பாரி கொடுத்தது தன்னுடைய தேரை. நாங்கள் கொடிக்குக் கொடுத்தது பதினைந்து வீடுகளின் தேரை. எங்கள் துயரத்துக்கு அழகான ஓர் உவமை கிடைத்ததும் அதற்குமேல் எதுவும் செய்யவேண்டாம் என்று இருந்துவிட்டோம். இனி அந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போது இதையும் மாணவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

ஜீப்பை விற்பதில்லை என்று முடிவாயிற்று. அன்றிரவு சாவி வாங்கிய இளைஞருக்கு முறையான உரிமம் உண்டு. இனி சாவி அவரிடமும் ஒன்று இருக்கும். ஞாயிறுதோறும் பெரும்பாறைவரை அவர் ஓட்டிவருவார். டீசல் செலவு எங்களுடையது.

வண்டியை மீண்டும் கொட்டகைக்குள் விடப் போனோம். பெரியவர் கையை நீட்டி மறித்தார். வீட்டு முற்றத்தில் பாதை இறங்கத் தொடங்கும் இடத்தைக் காட்டினார்.

"இங்க சார். ஐயா எப்பவும் மூக்கு கீழ பாத்துத்தான் நிறுத்துவாரு. பேட்டரி செத்தாலும் உருட்டிவிட்டா கிளம்பிடும்."

முப்பது ஆண்டுகளாக அப்பா வண்டியை அங்கே நிறுத்துவதைப் பார்த்திருக்கிறோம். ஏன் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. சரிவைப் பார்த்து நிறுத்தினோம். சக்கரத்துக்கு அவர் ஒரு கல் கொண்டுவந்து வைத்தார்.