நூறு வருஷம் பொறுங்கள்

தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பத்திரிகை வெளியாகும் நாள் என்றால் ஒரு படபடப்பு உண்டு. இரண்டு நாளுக்குள் யாராவது டெலிபோனில் கூப்பிட்டு, "அந்தப் பெண்ணை ஏன் ஸார் அழவைத்தீர்கள்?" என்று சண்டை பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நாற்பது வருஷத்து வியாதி இது.

இப்படிப்பட்டவனிடம் வந்து என் பேத்தி, "தாத்தா, நார்வேயில் ஒரு கலைப் படைப்பு இருக்கிறது. அதற்காக எழுதுகிற கதைகளை 2114-ல்தான் படிக்க முடியுமாம்" என்றாள். அவள் சித்திரக் கலை படிக்கிறவள். வாழைப்பழத்தைச் சுவரில் ஒட்டி லட்சம் டாலருக்கு மேல் விற்ற கதையைச் சொல்லி என்னை முன்பே ஒருமுறை மிரட்டியிருக்கிறாள். இதுவும் அந்த ரகம்தான் என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். கேட்டி பேட்டர்ஸன் என்ற ஸ்காட்லாந்துக் கலைஞர், 2014-ல் ஆஸ்லோ நகரை அடுத்த காட்டில் ஆயிரம் ஸ்ப்ரூஸ் மரக்கன்றுகளை நடச் செய்தார். அது முதல் வருஷத்துக்கு ஓர் எழுத்தாளர் வீதம், நூறு வருஷத்துக்கு நூறு பேர் ஒவ்வொரு கைப்பிரதி கொடுக்க வேண்டும். 2114-ல் அந்த மரங்களை வெட்டிக் காகிதம் செய்து, அத்தனையையும் அச்சிடுவார்கள். அதுவரை தலைப்பு மட்டுந்தான் வெளியே தெரியும். முதலில் கொடுத்தவர் கனடாவின் மார்கரெட் ஆட்வுட். பிரதிகள் ஆஸ்லோ நூலகத்தின் மேல்மாடியில் ஒரு சிறு அறையில் இருக்கின்றன. கன்று நட இடம் வேண்டி வெட்டிய பழைய மரங்களைக் கொண்டே அந்த அறையை இழைத்திருக்கிறார்கள். பேட்டர்ஸன் 1981-ல் பிறந்தவர். தாம் வளர்க்கும் புத்தகத்தை அவரே படிக்கப் போவதில்லை!

"தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பார்கள் நம் ஊரில். இந்த அம்மாள் பனைக்கும் ஒரு படி மேலே போய்விட்டார் என்று சிரித்தேன்.

சிரிப்பு நின்றது ஹான் காங் பற்றிக் கேட்டபோது. கொரியாவின் அந்த நாவலாசிரியை, 2019-ல் ஒரு நீண்ட வெள்ளைத் துணியைக் காட்டுத் தரையில் இழுத்தபடி நடந்து வந்து, அதிலேயே கைப்பிரதியைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாராம். அவர்கள் நாட்டில் பிறந்த குழந்தைக்கும் வெள்ளைத் துணி, துக்கத்துக்கும் வெள்ளைத் துணி. ஐந்து வருஷம் கழித்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகமே அவர் புத்தகங்களைத் தேடி வாங்கிப் படித்தது. அந்த ஒரு மூட்டையை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

பல வருஷத்துக்கு முன் ஒரு தொடர்கதையில் கதாநாயகி காய்ச்சலில் இறந்துபோவதாக எழுதினேன். அச்சுக்குப் போகுமுன்பே, "அவளைக் கொன்றுவிடாதீர்கள்" என்று கடிதங்கள் குவிந்தன. ஆசிரியர் தலையைச் சொறிந்தார். நானும் பிழைக்க வைத்து, மாலையிட்டு, கல்யாணமும் செய்து வைத்தேன். பாராட்டு வந்த மாதிரி வேறெதற்கும் வந்ததில்லை. ஆனால் பழைய அத்தியாயத்தைக் கிழித்துப்போட மனம் வரவில்லை. நான் எழுதியவற்றில் பொய் கலக்காதது அந்தப் பதினோரு பக்கந்தான். ஆஸ்லோக்காரர்கள் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் அதைத்தான் கொடுப்பேன்.

விளக்கைப் பார்த்துவிட்டுப் பேத்தி வந்து நின்றாள். "நான் படிக்கலாமா, தாத்தா?"

நூறு வருஷம் பொறு என்று சொல்லியிருக்கலாம். கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாளாயிற்று. இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.