பாலாற்றுக்கும் ஒரு வக்கீல் வேண்டும்

இன்ஜினியரிங் காலேஜ் இதழில் வக்கீல்களைப் பற்றி எதுக்குக் கட்டுரை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முழுசாப் படிச்சுட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்கத் தோணுதான்னு பாருங்க.

எனக்கு ஊர் அமிர்தி. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம். உங்களில் சிலர் பூங்காவைப் பார்க்கவோ அருவியில் குளிக்கவோ வந்திருப்பீங்க. மழை பெய்தால் எங்க ஓடையில் ஓடுற தண்ணி, காட்டிலிருந்து நேரா இறங்கி வர்ற தண்ணி. அதே வேலூரிலிருந்து பெங்களூர் ரோட்டில் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போனா, பாலாற்றங்கரையில் கிணறு இருந்தும் குடிதண்ணியைக் காசு குடுத்து வாங்குறாங்க. இந்த ரெண்டு தண்ணிக்கும் நடுவுல சட்டம் என்ன செஞ்சதுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அது ஜெர்மனி வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு.

உலகமே ஒரே சந்தை ஆயிடுச்சு, வக்கீல் தொழில் எப்படி மாறணும் என்று இப்போ பெரிய விவாதம் நடக்குது. அந்த விவாதத்துக்கு நியூயார்க்கோ சிங்கப்பூரோ போக வேண்டாம். ஆம்பூரில் தைக்கிற ஒரு ஜோடி ஷூவை எடுத்தாலே போதும்.

ஷூவோடு சேர்ந்து வரும் சட்டம்

தோலில் பூஞ்சை பிடிக்காம இருக்க பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்தை ஒரு காலத்தில் பயன்படுத்தினாங்க. 1989-ல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. அந்தத் தடையைப் போட்ட அரசுக்கு ஆம்பூர்க்காரர் யாரும் ஓட்டுப் போடலை. ஆனாலும் சரக்கு திரும்பி வரும் என்ற பயத்தில், சென்னையில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு இங்கிருந்த தொழிற்சாலைகள் சில வருஷத்திலேயே மாற்று ரசாயனத்துக்குப் போனாங்க. 1994-ல் சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. அப்புறம் குரோமியம்.

இதைக் கெமிக்கல் பசங்க கவனிக்கணும். தோல் பதனிடப் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். வெப்பம், வெளிச்சம், கார அளவு, சேர்க்கிற எண்ணெய் வகை இதெல்லாம் தப்பாப் போனா அதில் கொஞ்சம் ஆறு இணைதிறன் குரோமியமா மாறிடும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். தோலில் பட்டால் ஒவ்வாமையும் வரும். 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தோல் பொருள் ஒரு கிலோவில் அது 3 மில்லிகிராமை எட்டினாலே விற்க முடியாது.

ஹாம்பர்க் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் இந்தச் சோதனையில் தோற்றுப் போகுதுன்னு வெச்சுக்கோங்க. நஷ்டம் யாருக்கு? தோல் பதனிட்டவருக்கா, ஷூ தைத்தவருக்கா, ரசாயனம் சப்ளை பண்ணினவருக்கா? வெயிலில் கன்டெய்னரைப் போட்டு வெச்ச கப்பல் கம்பெனிக்கா? எந்த நாட்டுச் சட்டப்படி, எந்த ஊரில் வழக்கு? கான்ட்ராக்டில் நடுவர் மன்றம் லண்டன்னு ஒரு வரி இருந்தா, லண்டனில் சொல்ற தீர்ப்பை 1958 நியூயார்க் உடன்படிக்கைப்படி இங்கே கொண்டு வந்து அமல்படுத்தலாம். இந்த வழக்கை எடுக்கிற வக்கீலுக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம் மட்டும் தெரிஞ்சா போதாது. ஐரோப்பிய விதியும் தெரியணும், லேப் ரிப்போர்ட்டும் படிக்கத் தெரியணும்.

டெல்லிக்குப் போன வேலூர்

சட்டம் எல்லை தாண்டி வந்த இன்னொரு கதை இதைவிடப் பெரிசு. டேனரிக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுக்குதுன்னு வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. வாதாடியவர் எம்.சி. மேத்தா. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு சொன்னது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணி செலவாகுது, குரோம் முறையில் 170 வகை ரசாயனம் வரை பயன்படுது, டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ விவசாயத்துக்கு லாயக்கில்லாமப் போச்சு என்ற விவரமெல்லாம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கு.

தோல் ஏற்றுமதி நாட்டுக்கு அந்நியச் செலாவணி தருது என்பதையும் நீதிமன்றம் மறுக்கலை. ஆனா அதுக்காகச் சுற்றுச்சூழலையும் மக்கள் ஆரோக்கியத்தையும் அழிக்க உரிமை இல்லைன்னு சொன்னது. அதுக்கு எடுத்த ஆயுதங்கள்தான் சுவாரசியம். மாசு செய்தவரே செலவை ஏற்கணும் என்பது ஒன்று; இந்தக் கொள்கையை 1972-லேயே பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஓ.இ.சி.டி. அமைப்பு பரிந்துரைத்திருந்தது. ஆபத்துக்கு முழு அறிவியல் நிரூபணம் வரும்வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கையா நடக்கணும் என்பது இன்னொன்று; அது 1992 ரியோ மாநாட்டுப் பிரகடனத்தில் இருக்கு. பாதிப்பு இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பும் தொழில் நடத்துறவர் மேலேயே விழுந்தது. இதெல்லாம் சர்வதேச வழக்காற்றுச் சட்டம், நம்ம சட்டத்துக்கு முரணா இல்லாததால இந்தியச் சட்டத்திலும் சேர்ந்ததுதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உலகத்தில் எங்கேயோ பேசின வார்த்தையை ஒரு வக்கீல் எடுத்து வாணியம்பாடிக் கிணற்றுக்காகப் பயன்படுத்த முடிஞ்சது.

2010-ல் வந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-வது பிரிவில் இதே கொள்கைகள் எழுத்தாகவே ஏறிடுச்சு. நம்ம ஊர்ப் பேர் தாங்கிய வழக்கு, இன்னைக்கு நாடு முழுக்க சட்ட மாணவர்கள் படிக்கிற பாடம்.

இரண்டு வேகம்

இவ்வளவு பெருமை பேசிட்டு இப்போ கணக்கைப் பார்ப்போம். அந்தத் தீர்ப்புப்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச்சில் இழப்பீடு அறிவித்தது. 547 டேனரிகளிடம் வசூலித்து, 29,193 பேருக்கு சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்க, சராசரி ஆளுக்கு 9,200 ரூபாய் கூட வராது. ஒரு தலைமுறை நிலத்துக்கு விலை அது. அந்தப் பணம் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வியே திரும்ப உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, விட்டுப்போனவங்களுக்கு ஆறு வாரத்தில் குடுங்க, மாசு செய்தவங்ககிட்ட வசூலிச்சுக்கோங்க என்று அரசுகளுக்கு உத்தரவு போட்டது. பாலாற்றை மீட்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது. 1996-லிருந்து எண்ணினா 28 வருஷம் தாண்டியாச்சு.

ஜெர்மனியில் போட்ட தடை ஆம்பூருக்குச் சில வருஷத்தில் வந்து சேருது. டெல்லியில் சொன்ன தீர்ப்பு அதே ஆம்பூர்க் கிணற்றடிக்கு வந்து சேர மாட்டேங்குது. ஏன்? முதலாவதுக்குப் பின்னால ஆர்டர் கையில் வெச்சிருக்கிற வாங்குபவர் இருக்கார். அவருக்கு லேப் இருக்கு, வக்கீல் இருக்கார், சரக்கைத் திருப்பி அனுப்புற பலம் இருக்கு. ரெண்டாவதுக்குப் பின்னால ஒரு விவசாயி இருக்கார், கையில் பட்டா நகல் மட்டும்.

அதனாலதான், எல்லையில்லா உலகத்துக்கு வக்கீல் தொழில் மாறணும்னு சொல்லும்போது யாருக்காக மாறணும்னும் கேட்கத் தோணுது. இதுவரைக்கும் பெரிய சண்டை நடந்தது வெளிநாட்டு வக்கீல்களை உள்ளே விடலாமா என்பதில்தான். அதுவும் நம்ம மாநிலத்திலிருந்து போன வழக்கு. ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் 2010-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்தார். அவங்க இங்கே தொழில் செய்ய முடியாது, எப்போதாவது வந்து ஆலோசனை சொல்லிட்டுப் போகலாம் என்ற அளவில் 2018-ல் உச்ச நீதிமன்றம் முடித்தது. 2023-ல் பார் கவுன்சில் விதி கொண்டு வந்து, நிபந்தனைகளோடு கதவைக் கொஞ்சம் திறந்தது. நல்லது, ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு வசதி. ஆனா கிணறு கெட்டுப்போனவருக்கு லண்டன் வக்கீல் வந்தா என்ன, வராட்டி என்ன?

அவருக்கும் உலகச் சட்டம் உதவும்

ஜெர்மனியில் 2023 ஜனவரியிலிருந்து விநியோகச் சங்கிலிச் சட்டம் ஒன்று அமலில் இருக்கு. பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு தரும் இடங்களில் மனித உரிமையும் குறிப்பிட்ட சூழல் விதிகளும் மீறப்படாமல் பார்த்துக்கணும், புகார் சொல்ல வழியும் வெச்சிருக்கணும். பாதிக்கப்பட்டவர் வெளிநாட்டில் இருந்தாலும் புகார் குடுக்கலாம். அதன் சுமையைக் குறைக்கணும்னு அங்கேயே குரல் எழும்பினதும் உண்மை. இருந்தாலும், ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு அக்காவுக்கு இப்படி ஒரு கதவு இருக்குன்னு யார் சொல்லப் போறாங்க? அந்தப் புகாரை எழுதிக் குடுக்கத் தெரிஞ்ச வக்கீல் வேலூர் கோர்ட் வளாகத்திலேயே உட்கார்ந்திருக்கணும். என் பார்வையில் தொழில் மாறுவதுன்னா அதுதான்.

மொழியும் மாறணும். உச்ச நீதிமன்றம் 2019-ல் சுவாஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைத் தொடங்கியது; தீர்ப்புகள் தமிழிலும் வர ஆரம்பிச்சிருக்கு. மெஷின் மொழிபெயர்ப்பு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதைச் சரி பண்ண சட்டமும் தமிழும் தெரிஞ்ச ஆள் வேணும், கம்ப்யூட்டர் சயின்ஸ் தெரிஞ்ச ஆளும் வேணும்.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். பசுமைத் தீர்ப்பாயத்தில் நீதிபதிக்குப் பக்கத்தில் நிபுணர் உறுப்பினர் ஒருத்தர் உட்காருவார். எம்.இ., எம்.டெக். படிச்சு, துறையில் போதிய அனுபவமும் இருந்தா அந்த நாற்காலிக்குப் போக வழி உண்டு. அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கு. பி.இ. முடிச்சு மூணு வருஷ எல்எல்.பி. படிக்கலாம். காப்புரிமை முகவர் ஆக சட்டப் படிப்பே தேவையில்லை, அறிவியல் அல்லது பொறியியல் பட்டத்தோடு தேர்வு எழுதினால் போதும். இதெல்லாம் எதுவும் வேண்டாம், நான் கேம்பஸில் செலக்ட் ஆகி வேலைக்குப் போறேன்னு சொல்றீங்களா? தாராளமாப் போங்க. ஆனா நீங்க டிசைன் பண்ணப் போற சுத்திகரிப்பு நிலையத்தின் ரீடிங் நாளைக்கு ஒரு கோர்ட்டில் சாட்சியா நிக்கும். உங்க கையெழுத்து போட்ட லேப் ரிப்போர்ட்டை நம்பித்தான் ஒரு நீதிபதி முடிவு எடுப்பார். அதில் நீங்க எழுதற ஒரு எண், யாரோ ஒருத்தர் வீட்டுக் கிணற்றைப் பற்றினது.

அந்த எண்ணை மட்டும் உள்ளபடியே எழுதுங்க, நண்பர்களே. மத்ததை வாதாட வக்கீல்கள் வரட்டும்.